ஐந்து புட்டி இலைச்சாறும் அதிலிருந்த இரும்பும்

காரைக்குடிக் கடைவீதியில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில், இரத்தசோகைக்கு என்றே விற்கப்படும் மூலிகை இலைச்சாற்று டானிக் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. 200 மில்லி புட்டியின் விலை 240 ரூபாய். காலையும் மாலையும் உணவுக்கு முன் பத்து மில்லி வீதம் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பருக வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி ஐந்து புட்டி வாங்கி, ஒரு வேளைகூடத் தவறாமல் குடித்து முடித்தேன். தொடங்குவதற்கு முந்தைய நாளும் முடித்த மறுநாளும் ஒரே ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டேன். மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் கற்பிப்பவள் என்பதால், போதாக்குறைக்கு டானிக்கையும் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று சோதித்தேன். தயாரிப்பாளர் பெயரையும் கடையின் பெயரையும் எழுதப்போவதில்லை. இதே போன்ற புட்டிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் உறையில் தேட வேண்டியது ஒன்றுதான்: இரும்பு எத்தனை மில்லிகிராம் என்பது.

எனக்கு வயது 43. சென்ற ஆடி மாதத்தில், பள்ளியின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் இருமுறை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.2 கிராம் என்று வந்தது. கருவுறாத பெண்ணுக்கு இது 12-க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஃபெரிட்டின் அளவு 6. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் கையிருப்பைக் காட்டும் எண் இது. 15-க்குக் கீழே போய்விட்டால் குதிர் காலி என்று வைத்துக்கொள்ளலாம். இந்நிலை எனக்கு மட்டும் வாய்த்ததன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே ஆசிரியர் அறையில் செய்தி பரவிய அன்றே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னதில் வியப்பில்லை. ஒருவர் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) என்றார், ஒருவர் பேரீச்சம்பழம் என்றார், மூன்றாமவர் இந்த டானிக்கைச் சொன்னார். மகப்பேற்றுக் காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிப் பட்ட மலச்சிக்கலும் குமட்டலும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் மூன்றாமவர் சொன்னது இனித்தது.

கடையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே நுழைந்ததும் வசம்பும் சித்தரத்தையும் கலந்த வாசனை. சுவரை மறைத்து நிற்கும் மர இழுப்பறைகள். கடைக்காரர் ஓமத்தை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் நேர்த்தியை வேடிக்கை பார்ப்பதற்காகவே இன்னொரு முறை போகலாம். சுக்கு புழுத்ததில்லை, திப்பிலியில் காம்பு கலந்ததில்லை. அவர் தாமாகச் செய்யாத, வெளியூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் பொருள் அந்தக் கடையில் இந்த டானிக் போன்ற சில மட்டுமே. "டீச்சர், இது ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சது, தைரியமாக் குடிங்க" என்று அவர் சொன்னபோது, புட்டியில் அச்சடித்திருந்ததைத்தான் திருப்பிச் சொன்னார்.

அந்த அச்சை வீட்டுக்கு வந்து மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தேன். முருங்கையிலை, கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை மூன்றின் நீர்ச்சாரம், பத்து மில்லிக்கு 500 மில்லிகிராம், சுக்கு, திப்பிலி, எஞ்சியது சர்க்கரைப் பாகு. "ஹீமோகுளோபினை உயர்த்துவது ஆய்வில் உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை எழுத்தில் பெரிதாகவும், அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், பினைல்ஹைட்ரசீனால் இரத்தசோகை உண்டாக்கப்பட்ட வெள்ளெலிகளில் சோதிக்கப்பட்டது என்றும் இருந்தது. மருந்து உரிம எண்ணைத் தேடினேன். இருந்தது பதினான்கு இலக்க உணவு உரிம எண். உணவாக உரிமம் பெற்ற ஒரு பொருள், நோயைக் குணமாக்கும் என்று உறையில் சொல்லிக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. இரும்பு எத்தனை மில்லிகிராம் என்ற விவரம் எந்தப் பக்கத்திலும் இல்லை. இத்தனையையும் பார்த்த பிறகும் குடித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; மாத்திரைக்கு அஞ்சுகிறவளின் தர்க்கம் அப்படித்தான் போகும்.

வெள்ளெலி விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இலைச்சாறுகளைப் பற்றி "நிரூபிக்கப்பட்டது" என்று வருகிற பேச்சுகளில் பெரும்பாலானவை இங்கேதான் வேர் கொண்டிருக்கின்றன. பினைல்ஹைட்ரசீன் எங்களுக்கு வகுப்பறைப் பழக்கம் உள்ள பொருள்; ஆல்டிஹைடு, கீட்டோன் பாடத்தில் கரும்பலகையில் எழுதாமல் ஓர் ஆண்டும் கழிவதில்லை. அதை எலிக்கு இரண்டு மூன்று நாள் ஊசி மூலம் செலுத்தினால், அது சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றம் செய்து உடைத்துவிடும். ஹீமோகுளோபின் சரசரவென்று இறங்கும். பிறகு எலிகளைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெறும் நீரும் மற்றவற்றுக்கு இலைச்சாரமும் புகட்டி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இரத்தத்தை ஒப்பிடுவார்கள். ஆராய்ச்சி முறையாக இதில் பிழை இல்லை; இலையில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சிவப்பணுவைக் காக்கின்றனவா என்று அறிய இது தக்க வழிதான். ஆனால் அந்த எலிக்கு இரும்பு குறையவே இல்லை. உடைந்த அணுக்களிலிருந்து வெளிப்பட்ட இரும்பு அதன் ஈரலிலும் மண்ணீரலிலும் பத்திரமாகக் கிடக்கிறது. எலும்பு மச்சை அதை எடுத்துப் புதிய அணுக்களைச் செய்துகொள்கிறது. சாரம் குடிக்காத எலியும் சில வாரத்தில் தேறிவிடும், குடித்தது சற்று விரைவாகத் தேறும். மாதந்தோறும் இரத்தத்தை இழந்து இழந்து குதிரே காலியான என் போன்றவளுக்கு வந்திருப்பது வேறு நோய். வெள்ளத்தில் வீடு இடிந்தவனுக்குச் செங்கல் அங்கேயே கிடக்கிறது. எனக்கோ செங்கல்லே இல்லை.

அளவும் ஒத்துவரவில்லை. இத்தகைய ஆய்வுகளில் எலியின் எடையில் கிலோவுக்கு 100 முதல் 400 மில்லிகிராம் வரை சாரம் கொடுப்பது வழக்கம். எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுக்க வேண்டும் என்பது மருந்தியலில் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால், 400 மில்லிகிராமுக்கு நிகராக 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கிராம் சாரம் வேண்டும். இந்த டானிக்கின் இரு வேளை அளவில் கிடைப்பது ஒரு கிராம்.

குடித்துப் பார்த்த அனுபவம் மோசமில்லை. முதலில் சர்க்கரையின் தித்திப்பு, அடுத்து நாவின் பின்பகுதியில் கரிசலாங்கண்ணியின் லேசான கசப்பு, இறுதியில் திப்பிலியின் காரம். நிறம் கலங்கிய குளத்து நீரைப் போன்ற பச்சை. அடியில் படிவு தங்குவதால் குலுக்கிக் குடிக்க வேண்டும். மலச்சிக்கல் இல்லை, குமட்டல் இல்லை. இரண்டாம் வாரத்தில் பசி நன்றாக எடுத்தது, அதைச் சுக்குக்கும் திப்பிலிக்கும் உரிய பெருமையாகவே கொள்கிறேன். பள்ளிக்கு வந்ததும் "முகத்தில் தெளிவு வந்திருக்கிறதே" என்று தோழி ஒருத்தி சொன்னாள். எனக்கும் அப்படியே தோன்றியது. மாடிப்படி மட்டும் அதே இடத்தில் நிறுத்தியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது என்பதை உறை சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: பாகின் இனிப்பு வேடிக்கையன்று.

48 நாள் முடிந்து எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.0, ஃபெரிட்டின் 5. ஆய்வகக் கருவியில் இத்தனை ஏற்றத்தாழ்வு எந்த நாளும் வரும் என்பதால், குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இருந்த இடத்திலேயே இருந்தது. இரும்புக் குறைக்குச் சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் ஏழு முதல் பத்து நாளில் இளம் சிவப்பணுக்கள் பெருகுவதும், நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு கிராம் ஏறுவதும் இயல்பு. ஏழு வாரத்தில் அசைவே இல்லை என்றால், சேர வேண்டியது சேரவில்லை. ஒருத்தியின் உடம்பு ஆராய்ச்சியாகாது என்பதை அறிவேன். அதனால்தான் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் துணிந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல், பள்ளி ஆய்வகத்தில் ஆளில்லாத நேரம். பத்து மில்லி டானிக்கை, சூடு தாங்கும் சிறு பீங்கான் கிண்ணமான குரூசிபிளில் ஊற்றி மெல்லச் சுண்ட வைத்தேன். சர்க்கரையைக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று முப்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், அது கரும்பஞ்சாகப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தபோது சிரிப்புதான் வந்தது. முதல் முயற்சியைக் குப்பையில் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை மூன்று தவணையாக ஊற்றி எரித்தேன். சாறு அப்படியே இருந்தால் இலையின் துவர்ப்புப் பொருள்களான டானின்கள் இரும்பைப் பிடித்து மறைத்துக்கொள்ளும், பச்சை நிறமும் குழப்பும். ஆகையால் வெண்சாம்பல் ஆகும் வரை எரித்தே ஆக வேண்டும். சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 50 மில்லியாக்கி, ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, பொட்டாசியம் தயோசயனேட்டைச் சேர்த்தேன். இரும்பு இருந்தால் இந்த வினையில் குருதிச் சிவப்பு எழும். ஒப்பிடுவதற்காக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும், 60 மில்லிகிராம் இரும்பு உள்ள சிவப்பு மாத்திரை ஒன்றின் மேல்பூச்சைக் கழுவி, அமிலத்தில் கரைத்து ஒரு லிட்டராக்கி, அதிலிருந்து லிட்டருக்கு ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு மில்லிகிராம் என்று நான்கு கரைசல்கள் தயாரித்து வரிசையாக நிறுத்தியிருந்தேன்.

டானிக்கின் சோதனைக்குழாயில் எழுந்தது செம்பருத்தி இதழைக் கழுவிய நீர் போன்ற ஓர் இளஞ்சிவப்பு. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்ததில் இரண்டாம் குழாயோடு பொருந்தியது. கணக்கிட்டால் பத்து மில்லியில் 0.1 மில்லிகிராம்; நாளொன்றுக்கு 0.2. வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் பரிந்துரைத்திருக்கிறது. கண்ணால் ஒப்பிடும் முறையில் பிழை இருக்கலாம். இருமடங்கு பிழை என்றே வைத்துக்கொண்டாலும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். 1,200 ரூபாய் கொடுத்து ஐந்து புட்டியில் நான் வாங்கிய மொத்த இரும்பு, இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை ஒன்றில் ஆறில் ஒரு பங்கு.

குறை இலையிலா, சாறாக்கும் முறையிலா என்ற ஐயத்தில், எங்கள் வீட்டு முருங்கையின் இலையை நன்றாக அலசி நிழலில் உலர்த்திப் பொடித்து, ஐந்து கிராம் எடுத்து அதே போல எரித்தேன். அலசியதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: நம் செம்மண் புழுதி இலையில் ஒட்டியிருந்தால் அதிலுள்ள இரும்பும் கணக்கில் ஏறிவிடும், உடம்புக்கோ அது ஏறாது. சாம்பலை 250 மில்லியாக்கிப் பார்த்தபோது, சிவப்பு நான்குக்கும் ஆறுக்கும் இடையே நின்றது. ஒரு பெரிய கரண்டிப் பொடியில் 1.2 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு என்று இதற்குப் பொருள். இலையில் இருப்பதன் பெரும்பகுதி, கொதிக்க வைத்து வடிகட்டும்போது சக்கையோடு போய்விடுகிறது. அந்தச் சக்கையைத்தான் நாம் தட்டில் போட்டுக்கொண்டு கீரை என்று உண்கிறோம்.

ஆனாலும் கீரையையும் மிகையாகப் புகழ முடியாது. தாவர இரும்பில் உடம்பு ஈர்த்துக்கொள்வது சிறுபங்கே; சோற்றை முதன்மையாகக் கொண்ட நம் உணவில் பெண்களுக்கு நூற்றுக்கு எட்டு என்பதே கணக்கில் எடுத்துக்கொள்ளும் விகிதம். உண்டவுடன் காப்பியோ தேநீரோ குடித்தால் அதுவும் வெகுவாகக் குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் கூடும். சாப்பிட்ட கையோடு டம்ளரும் வட்டையும் வந்து நிற்கும் வீடுகளில் பிறந்தவள் நான். இந்தக் காப்பிப் பழக்கத்தை விட்டதுதான் மாத்திரையை விழுங்கியதைவிடக் கடினமாக இருந்தது.

என் அப்பத்தா முருங்கைக்கீரைத் துவட்டலையும் மண்டியையும் இரும்புச் சட்டியில்தான் செய்வார். புளி சேர்ந்த எதையும் இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தால் சட்டியின் இரும்பு உணவில் இறங்கும் என்பது சோதித்து அறியப்பட்ட செய்தி. மண்டியோ அரிசி கழுவிய நீரும் புளியும் சேர்ந்தது. அந்தச் சட்டி எங்கள் வீட்டில் எப்போது வெளியேறி ஒட்டாத வாணலி உள்ளே வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படிப்பட்ட சட்டிகளை இப்போது வெளியூரார் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். நானும் பேரம் பேசி ஒன்று வாங்கி, துருவைத் தேய்த்து, எண்ணெய் காட்டிப் பழக்கியிருக்கிறேன்.

இதனால் சித்த மருத்துவத்தையே குறை சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். வெளுப்பு நோயைப் பாண்டு என்று பெயரிட்டு வகைப்படுத்திய மரபு அது. கரிசலாங்கண்ணியை வள்ளலார் போற்றியதும் நாம் அறிந்ததே. ஆனால் பாண்டுக்குச் சித்தர் மரபு தரும் முதன்மை மருந்துகளில் ஒன்று அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட்டு; அதைப் புடமிட்டுப் பெறும் செந்நிறப் பொடியே செந்தூரம். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பங்கேற்ற ஓர் ஆய்வில், வளரிளம் பெண்களுக்கு 45 நாள் கொடுத்து ஹீமோகுளோபின் உயர்ந்ததாக அறிவித்த கூட்டு மருந்திலும், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகியவற்றோடு அன்னபேதிச் செந்தூரம் இருக்கிறது. இலையை வேகவைத்த நீரை மட்டும் புட்டியில் அடைத்துவிட்டு அந்த மரபின் பெயரைச் சொல்லிக்கொள்வது, அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. செந்தூரத்தைத் தேர்ந்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொருளன்று.

பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் முதலில் கேட்டது மாதவிலக்கைப் பற்றி. ஸ்கேனில் கருப்பையில் இரண்டு நார்க்கட்டிகள் தெரிந்தன. இரும்பு போய்க்கொண்டிருந்த ஓட்டை அதுதான். டானிக் குடித்த ஏழு வாரமும் அது திறந்தே கிடந்திருக்கிறது என்பதே இந்தப் பொருளின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். 1,200 ரூபாய் அதற்குப் பிறகுதான். இரத்தப்போக்கைக் குறைக்க மருந்தும், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மலம் கறுத்தது, முதல் வாரம் வயிறு கனத்தது. இரவில் உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கப் பழகியதும் தணிந்தது. ஒரு மாதத்தில் 10.4, மூன்று மாதத்தில் 12.1. இரத்தப்போக்கும் குறைந்ததால் முழுப் பெருமையையும் மாத்திரைக்கே கொடுக்க முடியாது. ஃபெரிட்டின் 24-க்கு வந்திருக்கிறது. கையிருப்பு நிரம்பும் வரை இன்னும் சில மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் அதே கடைக்கு, சுக்கு வாங்கப் போனேன். சோதனைக்குழாய்களைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் கைபேசியில் காட்டினேன். கடைக்காரர் புட்டி ஒன்றை எடுத்து நாற்புறமும் திருப்பி, இரும்பு எவ்வளவு என்று தேடினார். "போட்டிருக்கலையே டீச்சர்" என்றார். கம்பெனி ஆள் வரும்போது கேட்டுவைப்பதாகச் சொல்லி, அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு சுக்கை நிறுத்து, மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தார். டானிக் அதே அலமாரியில்தான் இருக்கிறது.